சாமி அலமாரியிலிருந்து கசகசா போல ஏதோ உதிர்கிறது: வீடு முழுவதும் புகையூட்டத்தான் வேண்டுமா?

நிலைக்கதவு · சாட்ஸ்வொர்த், டர்பன் · ஞாயிறு இரவு 9.10

வணக்கம். அம்மாவின் வீட்டைப் பற்றி ஒரு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

1960களில் தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சியில் டர்பனின் காட்டோ மேனர் பகுதியிலிருந்து எங்கள் குடும்பம் வெளியேற்றப்பட்ட பிறகு குடியேறிய வீடு இது. பக்கத்து வீட்டோடு ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொள்ளும் இரட்டை வீடு. சாமி அறையில் தாத்தா தன் கையால் செய்த அலமாரி இருக்கிறது. ஆடி மாதக் கஞ்சிப் பூஜைக்காக அதைத் துடைத்தபோது, கீழ்த்தட்டின் மூலையில் கசகசாவைக் கொட்டியதுபோல் ஒரு சிறு குவியல். பொட்டலம் ஏதோ கிழிந்திருக்கிறது என்று அம்மா பெருக்கித் தள்ளிவிட்டார். மூன்றாம் நாள் அதே மூலையில் அதே குவியல். பின்கட்டுக் கதவின் நிலைக்கால் அடியிலும் கொஞ்சம் கிடந்தது.

ஒரு நிறுவனத்தை அழைத்தோம். வந்தவர் பத்து நிமிடம் நின்றார். அலமாரியைத் தட்டிப் பார்த்தார், கூரைக்குள் ஏறவில்லை. "வீடு முழுவதும் கரையான். கூடாரம் போட்டு மூடிப் புகையூட்ட வேண்டும்" என்றார். 38,000 ராண்ட். இந்த வாரத்துக்குள் ஒப்புக்கொண்டால் தள்ளுபடியாம். தள்ளிப்போட்டால் கூரை தலையில் விழும் என்று அம்மாவிடமே சொல்லிவிட்டுப் போனார். அம்மாவுக்கு 78 வயது, ஆஸ்துமா இருக்கிறது. இரண்டு இரவுகளாகத் தூங்கவில்லை. பணம் கட்டிவிடுவதா, பொறுப்பதா?

---

மரவாசனை · டர்பன் · ஞாயிறு இரவு 10.25

முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள்: கூரை இந்த வாரம் விழாது. நான் இந்த ஊரில் 23 ஆண்டுகளாக வீடுகளில் மரம் பார்க்கிறவன். அந்தக் கசகசாவைப் பற்றி விவரமாக எழுதுகிறேன், ஏனென்றால் முடிவு முழுவதும் அதில்தான் இருக்கிறது.

ஒரு சிட்டிகை எடுத்து வெள்ளைக் காகிதத்தில் வையுங்கள். விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள். மாவுபோல், பவுடர்போல் மென்மையாக இருந்தால் அது தூள் வண்டு. அது கடின மரங்களின் வெளிப்பகுதியை, வைரம் பாயாத பாகத்தை மட்டும் தின்னும். சற்றே நறநறவென்று இருந்து, சுற்றிலும் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் வட்டத் துளைகள் தெரிந்தால் அது மரச்சாமான் வண்டு. மணல்போல் கடினமாக, ஒவ்வொரு மணியும் ஒரே அளவாக, நசுக்கினாலும் நசுங்காமல் இருந்தால் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுங்கள். மணியின் பக்கங்கள் ஆறாகத் தெரியும். அது உலர்மரக் கரையானின் எச்சம். நீங்கள் கசகசா என்று எழுதியதைப் பார்த்தால் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

நம் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் புற்றுக் கட்டும் கரையான் வேறு, இது வேறு. இதற்கு மண் வேண்டாம், சுவரில் மண்குழாய் கட்டாது. மரத்துக்குள்ளேயே பிறந்து மரத்திலுள்ள ஈரத்திலேயே வாழும். தென்னமெரிக்காவின் பெரு, சிலி கடற்கரையைச் சொந்த ஊராகக் கொண்டது. மரச்சாமான்களோடு கப்பலேறி உலகத் துறைமுகங்களுக்கெல்லாம் பரவியது. டர்பனுக்கும் அப்படித்தான் வந்து தங்கிவிட்டது.

இனி நீங்கள் மனத்தில் வைக்க வேண்டியது ஒன்று. இந்தக் கரையானின் கூட்டம் சிறியது. மண் கரையான்போல் லட்சக்கணக்கில் இருக்காது, நூற்றுக்கணக்கில் இருக்கும். மிக மெதுவாகத் தின்னும். ஒரு கூட்டம் முதிர்ந்து இறக்கை முளைத்த ஈசல்களை அனுப்பவே ஆண்டுகள் பிடிக்கும். அதாவது உங்களிடம் நேரம் இருக்கிறது. சேதம் எந்த வேகத்தில் நடக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் எவ்வளவு காலம் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று முடிவெடுக்க வேண்டும். உலர்மரக் கரையானுக்கு ஒரு மாதம் செலவிட்டுப் பார்க்கலாம். அதனால் இழப்பு ஒன்றுமில்லை. மூட்டைப்பூச்சிக்கு ஒரு வாரம்கூடத் தரமாட்டேன்.

இன்னொன்று. உதிர்ந்த மணி இருப்பதால் மட்டும் பூச்சி உயிரோடு இருக்கிறது என்று சொல்ல முடியாது. கூட்டம் செத்துப் பல ஆண்டுகளான மரத்திலிருந்துகூட, கதவை அறைந்து சாத்தினால் பழைய மணிகள் உதிரும். ஆகவே இப்படிச் செய்யுங்கள். துளைகளின் வாயையும் தட்டையும் தூசி உறிஞ்சியால் சுத்தமாக உறிஞ்சிவிடுங்கள். அடியில் கறுப்புக் காகிதம் விரியுங்கள். காகிதத்தின் ஓரத்தில் தேதியை எழுதுங்கள். அலமாரியை யாரும் நகர்த்தக் கூடாது, தட்டக் கூடாது. வாரத்துக்கு ஒரு முறை பார்த்து, விழுந்ததைத் தனித்தனிப் பொட்டலத்தில் போட்டுத் தேதியிட்டு வையுங்கள். நான்கு வாரம்.

ஒரு கேள்வி: வந்தவர் பக்கத்து வீட்டைப் பற்றி ஏதாவது கேட்டாரா?

---

நிலைக்கதவு · ஞாயிறு இரவு 10.50

இல்லை ஐயா. ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. ஏன்?

---

மரவாசனை · ஞாயிறு இரவு 11.05

இரட்டை வீட்டில் கூரை இரண்டு வீட்டுக்கும் ஒன்றாக ஓடும். கூடாரம் போடுவதென்றால் இரண்டு வீட்டையும் சேர்த்துத்தான் மூட வேண்டும். பக்கத்து வீட்டாரும் இரண்டு மூன்று நாள் வெளியே தங்க வேண்டும், அவர்களுடைய சம்மதமும் வேண்டும். இதைக் கேட்காமல் விலை சொன்னவர் வீட்டைப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். அந்தப் புகை நச்சு வாயு. மரத்துக்குள் ஊடுருவிக் கொல்லும், காற்றோட்டம் கொடுத்ததும் போய்விடும், மரத்தில் எதையும் விட்டுச் செல்லாது. அடுத்த கோடையில் புதிய ஈசல் ஒரு விரிசலுக்குள் நுழைந்தால் தடுக்க அங்கே ஒன்றும் இருக்காது. வீடு முழுவதும் பரவியிருந்தால் அது நல்ல வழி, நானே பல வீடுகளுக்குச் சொல்லியிருக்கிறேன். ஒரே ஓர் அலமாரிக்காக அதைச் செய்யச் சொல்வது அநியாயம்.

---

மேசைமலை நிழல் · கேப் டவுன் · திங்கள் காலை 7.30

மரவாசனை ஐயா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் "நேரம் இருக்கிறது" என்ற வார்த்தை எனக்கு வலிக்கிறது. எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை நம்பித்தான் ஒரு விட்டத்தை இழந்தோம்.

எங்களுடையது ஐரோப்பிய வீட்டுத் துளைப்பான் வண்டு. பைன் போன்ற மென்மரத்தில்தான் வரும். அதன் புழு மூன்று ஆண்டிலிருந்து பத்து ஆண்டு வரைகூட மரத்துக்குள்ளேயே இருக்கும். மேல்தோலைத் துளி கூடத் தொடாது. வெளியே பார்த்தால் மரம் மழமழவென்று அழகாக இருக்கும். கோடை மதியங்களில் என் மாமியார் "மேலே ஏதோ கொறிக்கிறது" என்பார். எலி என்று நினைத்து எலிப்பொறி வைத்தோம். ஒரு நாள் தண்ணீர்த் தொட்டி சரிசெய்ய வந்தவர் கூரைக்குள் ஏறி, ஒரு சட்டத்தில் கை ஊன்றினார். கட்டைவிரல் உள்ளே போய்விட்டது. காகிதத்தின்மேல் வண்ணம் பூசியதுபோல் ஒரு மெல்லிய தோல் மட்டும் இருந்தது, உள்ளே முழுவதும் தூள். ஆறேழு மில்லிமீட்டர் நீளத்தில் முட்டை வடிவத் துளைகள் இரண்டே இரண்டுதான் வெளியே தெரிந்தன.

காத்திருங்கள், ஆனால் கூரைக்குள் ஏறிப் பார்த்த பிறகு காத்திருங்கள். அலமாரியில் காகிதம் விரித்துவிட்டு மேலே என்ன நடக்கிறது என்று தெரியாமல் இருந்துவிடாதீர்கள்.

---

மரவாசனை · திங்கள் காலை 8.15

மேசைமலை நிழல் சொல்வது முழுக்கச் சரி. நான் எழுத மறந்ததை எழுதிவிட்டார். "நேரம் இருக்கிறது" என்று சொல்ல எனக்கு உரிமை வருவதே முழுவதையும் பார்த்த பிறகுதான். நிலைக்கதவு, இந்த வாரமே யாரையாவது கூரைக்குள் ஏற்றுங்கள். பலமான கைவிளக்கு, ஒரு திருப்புளி, எழுதும் சுண்ணாம்புக்கட்டி போதும். உங்கள் கூரைத் தகடு பழைய ஆஸ்பெஸ்டாஸ் என்றால் அதன்மேல் ஏற வேண்டாம், துளையிட வேண்டாம், தூசியைக் கிளப்ப வேண்டாம். உள்ளிருந்து மட்டும் பாருங்கள், முகக்கவசம் போடுங்கள்.

ஒவ்வொரு விட்டத்தையும் திருப்புளியின் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும். உளுத்த மரத்தில் சத்தம் உட்கார்ந்துவிடும். சந்தேகமான இடத்தில் முனையால் அழுத்துங்கள். சுவரோடு மரம் சேரும் முனைகள், மழைநீர் ஒழுகிய கறை உள்ள இடங்கள், கழிப்பறைக்கு மேலே உள்ள பகுதி, இவற்றை அவசரப்படாமல் பாருங்கள். துளை தெரிந்தால் சுண்ணாம்பால் வட்டமிடுங்கள். துளையின் விளிம்பு கூர்மையாக, உள்ளே புது மரத்தின் வெளிர் நிறம் தெரிந்தால் அண்மையில் வந்தது. விளிம்பு மங்கி, தூசியும் சிலந்தி வலையும் அடைத்திருந்தால் பழையது. பழையதற்கு மருந்தடிப்பது பிணத்துக்கு வைத்தியம் பார்ப்பதுபோல.

---

டொங்காட் கரும்பு · டொங்காட் · திங்கள் மதியம் 1.40

வீட்டுக்காரர்கள் பேசுமிடத்தில் வயல்காரன் நுழைவதற்கு மன்னிக்க வேண்டும். எங்கள் குடும்பம் நான்கு தலைமுறையாகக் கரும்பு பயிரிடுகிறது. என் கொள்ளுத்தாத்தா கூலி ஒப்பந்தத்தில் வந்து கரும்பு வெட்டிய அதே கரையில்தான் இன்று என் வயல். பூச்சியைப் பார்த்து முடிவெடுப்பதை நாங்கள் பாடமாகவே படித்திருக்கிறோம்.

எங்கள் எதிரி எல்டானா என்ற தண்டுத் துளைப்பான். வெளிநாட்டிலிருந்து வந்ததல்ல, ஆப்பிரிக்காவின் சதுப்பு நிலக் கோரையில் வாழ்ந்த பூச்சி. கரும்பைக் கண்டதும் இடம் மாறியது. வயலில் ஒரு புழு கண்ணில் பட்டவுடன் மருந்தடித்தால் நான் எப்போதோ கடனாளியாகியிருப்பேன். வயலின் பல இடங்களிலிருந்து தண்டுகளை வெட்டி, நீளவாக்கில் பிளந்து, புழுவையும் கூட்டுப்புழுவையும் எண்ணுவோம். நூறு தண்டுக்கு எத்தனை என்பதுதான் கணக்கு. அந்த எண் குறைவாக இருந்தால் கரும்பை இன்னும் வளரவிடலாம். ஏறினால் வயது போதாவிட்டாலும் வெட்டி ஆலைக்கு அனுப்பிவிட வேண்டும். எவ்வளவு ஏறினால் வெட்ட வேண்டும் என்பதை வட்டாரப் பூச்சி, நோய்க் குழு சொல்லும். மவுண்ட் எட்ஜ்கோம்பில் உள்ள கரும்பு ஆராய்ச்சி நிலையம் இதற்கெல்லாம் பின்னால் நிற்கிறது.

கவனியுங்கள், மருந்து இங்கே முதல் பதிலே அல்ல. முதிர்ந்த கரும்பிலும் வறட்சியில் வாடிய கரும்பிலும்தான் இந்தப் புழு பெருகும். நைட்ரஜன் உரத்தை அள்ளிப் போட்டால் இன்னும் பெருகும். உரத்தை அளவோடு போடுவதும் காலத்தில் வெட்டுவதும்தான் பெரிய மருந்து. வரப்போரத்தில் மொலாசஸ் புல் நட்டால் அதன் வாசனை பூச்சியை விலக்கும். ஈரப் பள்ளத்தில் கோரையை விட்டுவைத்தால் பூச்சி கரும்பை விட்டு அங்கே போகும். என் அப்பா கோரையைக் களை என்று வெட்டியெறிந்தவர். நான் திரும்ப நட்டிருக்கிறேன்.

தங்கை நிலைக்கதவு, உங்கள் அலமாரியும் என் நூறு தண்டும் ஒன்றுதான். எண்ணுங்கள். எண்ணாமல் யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

---

வெருலம் வாசி · வெருலம் · திங்கள் மாலை 6.20

வீடு விற்கிற, வாங்குகிற பத்திரங்களோடு எனக்கு அன்றாட வேலை. அதனால் இதையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் சாட்ஸ்வொர்த்தில் பலர் இதில் ஏமாறுகிறார்கள்.

கடலோரப் பகுதிகளில் வீடு கைமாறும்போது பீட்டில் சான்றிதழ், அதாவது வீட்டு மரத்தில் வண்டு, கரையான் இல்லை என்று பார்த்து எழுதித் தரும் சான்றிதழ் கேட்பார்கள். மின்சாரச் சான்றிதழ் சட்டப்படி கட்டாயம். பீட்டில் சான்றிதழ் அப்படியல்ல, அது விற்பனை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளும் நிபந்தனை, பழக்கத்தால் வந்தது. கடன் கொடுக்கும் வங்கியும் கேட்கலாம். பெரும்பாலும் விற்பவர் செலவு. மூன்று மாதம் முதல் ஆறு மாதம் வரை செல்லும் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

அதில் எழுதியிருப்பதை வரிவரியாகப் படியுங்கள். "எட்டக்கூடிய பகுதிகளில்" என்ற சொல் இருக்கும். பரணின் வாய் பூட்டியிருந்தால், உள்ளே சாமான் அடைத்திருந்தால் அந்த இடம் பார்க்கப்படவே இல்லை. பின்கொட்டகை, வெளிக்கழிப்பறை, கார் நிறுத்துமிடம் சேருமா என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுத வேண்டும். எழுதாவிட்டால் பிறகு சண்டைதான்.

பார்வையிடுகிறவரும் மருந்தடித்துச் சம்பாதிக்கிறவரும் ஒரே ஆள் என்பதுதான் இந்தத் தொழிலின் பெரிய குறை. பார்வையிட்டு எழுதித் தருவதற்கு மட்டும் கட்டணம் கொடுத்து ஒருவரை அழையுங்கள். "வேலை உங்களுக்குத் தரமாட்டேன், அறிக்கை மட்டும் வேண்டும்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். சில நூறு ராண்ட் செலவு முப்பதாயிரத்தைக் காப்பாற்றும். வருகிறவர் 1947ஆம் ஆண்டின் 36ஆம் எண் சட்டத்தின்கீழ் வேளாண் துறையில் பதிவு பெற்றவரா என்று கேட்டு, பதிவு அட்டையைக் கையில் வாங்கிப் பாருங்கள். நல்லவர்கள் கோபப்படமாட்டார்கள், தாமே எடுத்து நீட்டுவார்கள்.

---

தையல்கூடை · ஃபீனிக்ஸ் · திங்கள் இரவு 8.45

நான் மரத்தைப் பற்றிப் பேச வரவில்லை. ஆனால் இந்த இழையை நிறையப் பேர் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன்.

பூச்சிமருந்து நிறுவனத்தை அழைக்கப் பணமில்லாதவர்கள் எங்கள் தெருவில் சந்தைக்குப் போய்ப் பெயரில்லாத சிறு பொட்டலம் வாங்குகிறார்கள். எலிக்கு, கரப்பானுக்கு, எல்லாவற்றுக்கும் அதே பொட்டலம். 2024 அக்டோபரில் சொவேட்டோவின் நலேடியில் ஆறு குழந்தைகள் இறந்துபோனார்கள். டெர்பூஃபோஸ் என்ற வயல் மருந்துதான் காரணம் என்று பரிசோதனையில் தெரியவந்தது. வீட்டுக்குள் ஒருபோதும் வரக்கூடாத மருந்து அது. எனக்கு அதே வயதில் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தச் செய்தியைப் படித்த இரவு நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். மறுநாள் காலை என் மாமியார் பாத்திர அலமாரிக்குப் பின்னால் செருகியிருந்த பொட்டலத்தை எடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எலியை எப்படிப் பார்ப்பது என்று கற்றுக்கொண்டேன். புழுக்கையைப் பார்த்தாலே தெரியும். ஒன்றேகால் சென்டிமீட்டர், இரு முனையும் கூராக இருந்தால் கூரை எலி, மேலிருந்து வருகிறது. இரண்டு சென்டிமீட்டருக்குக் கிட்டத்தட்ட, முனை மழுங்கி இருந்தால் சாக்கடை எலி, கீழிருந்து வருகிறது. பளபளப்பாக, மென்மையாக இருந்தால் நேற்று இரவு வந்தது. சாம்பல் நிறமாகி நொறுங்கினால் பழையது. எங்களுக்கு வந்தது கூரை எலி. அவகாடோ மரக்கிளை கூரைமேல் சாய்ந்திருந்தது. கிளையை வெட்டினோம், குழாய் நுழையும் துளையைக் கம்பிவலையும் சிமெண்டும் வைத்து அடைத்தோம், நான்கு அடிப்பொறி வைத்தோம். மூன்று எலி விழுந்தது. அதன் பிறகு எதுவும் வரவில்லை. விஷத்தைத் தொடவே இல்லை.

---

டொங்காட் கரும்பு · திங்கள் இரவு 9.05

தாயே, நல்ல காரியம் செய்தீர்கள். விஷம் தின்ற எலியைத் தின்று ஆந்தையும் சாகிறது. என் வயலில் ஆந்தைக்குப் பெட்டி கட்டி வைத்திருக்கிறேன்.

---

மடைப்பள்ளி · டர்பன் · செவ்வாய் காலை 6.10

கோயில் சமையற்கட்டில் தொண்டு செய்கிறேன். எங்களுக்கு வேறு வகையான தவறு நடந்தது. மருந்து தேவையா என்று யாரும் கேட்காமலே மாதம் ஒரு முறை ஆள் வந்து தெளித்துவிட்டுப் போவார். ஏழு ஆண்டு ஒப்பந்தம். அவர் எதையும் பார்த்ததில்லை. நாங்களும் கேட்டதில்லை. அவர் போன மறுநாள் நாங்கள் பித்தளை அண்டாக்களைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவுவோம், வாசனை போகாது. அப்படியும் தைப்பூசக் காவடிக்கு வந்தவர்களுக்குச் சோறு பரிமாறும்போது ஒரு கரப்பான் வாழையிலைமேல் ஓடியது. பரிமாறியது நான். அந்த அம்மையார் எதுவும் சொல்லாமல் இலையை மடித்துவிட்டு எழுந்துபோனார். அதை நான் மறக்கவில்லை.

பிறகு பசை அட்டை வாங்கி, அடுப்புக்கு அடியில், குளிர்பெட்டியின் மோட்டாருக்குப் பின்னால், அரிசி அறையில், கைகழுவும் தொட்டிக்குக் கீழே என்று பன்னிரண்டு இடத்தில் வைத்து எண் போட்டோம். ஒரு வாரம் கழித்து எடுத்தால் பத்து அட்டை காலி. குளிர்பெட்டிக்குப் பின்னால் இருந்த இரண்டில் மட்டும் எண்ண முடியாத கூட்டம், முக்கால்வாசி குஞ்சுகள். சிறிய பழுப்பு நிறம், கழுத்தில் இரண்டு கறுப்புக் கோடு. ஜெர்மன் கரப்பான். ஒரு முட்டைப்பையில் முப்பது நாற்பது முட்டை, குஞ்சு பொரிக்கும் நேரம் வரை தாய் அதைச் சுமந்துகொண்டே திரியும். ஆக ஏழு ஆண்டாகக் கட்டடம் முழுவதும் தெளித்த மருந்து, ஒரு மோட்டார்ப் பெட்டிக்குள் போகவேயில்லை. தெளிப்பது அவற்றை விரட்டிச் சிதறடித்தது, அவ்வளவுதான்.

தெளிப்பதை நிறுத்தினோம். மோட்டார் மூடியைக் கழற்றி உறிஞ்சிச் சுத்தம் செய்து, இரைப்பசையை, அதாவது கரப்பான் தின்று சாகும் மருந்து கலந்த பசையை, உளுந்தளவு புள்ளிகளாக வைத்தோம். தெளிப்பு மருந்து பட்ட இடத்தில் இரைப்பசையைக் கரப்பான் தொடாது, ஆகையால் அந்த இடத்தை முதலில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஆறு வாரத்தில் அட்டைகள் காலி. இப்போதும் பன்னிரண்டு அட்டைகள் இருக்கின்றன, மாதம் ஒரு முறை எண்ணி ஒரு நோட்டில் எழுதுகிறோம். ஓர் அட்டையில் இரண்டு விழுந்தாலே அந்த இடத்தை மட்டும் பார்க்கிறோம். ஆஸ்துமா உள்ள அம்மாவின் வீட்டில் தெளிப்பு வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள்.

---

மேசைமலை நிழல் · செவ்வாய் இரவு 7.50

மடைப்பள்ளி எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஒரு மறுப்பு மட்டும். மண் கரையான் உள்ள இடத்தில் வீடு கட்டும்போதே அடித்தளத்து மண்ணுக்கு மருந்து கொடுப்பதையும், கடலோரத்தில் கூரைக்குப் பதப்படுத்திய மரமே போட வேண்டும் என்ற கட்டட விதியையும் "பார்க்காமல் செய்வது" என்று ஒதுக்கிவிடக் கூடாது. அங்கே பூச்சி வரும் என்பது முன்பே தெரிந்த விஷயம். கட்டி முடித்த பிறகு அடித்தளத்தைத் திறக்க முடியாது.

---

மரவாசனை · செவ்வாய் இரவு 8.30

ஒத்துக்கொள்கிறேன். எட்ட முடியாத இடத்துக்கு முன்னதாகக் காப்பு, எட்டக்கூடிய இடத்துக்குக் கண். மண் கரையான் பற்றியும் கேட்கிறவர்களுக்காக: சுவரில் மண்குழாய் கண்டால் முழுவதையும் சுரண்டி எடுத்துவிடாதீர்கள். நடுவில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் உடைத்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். ஈர மண்ணால் மூடியிருந்தால் கூட்டம் உயிரோடு இருக்கிறது. இதற்கு ஒரு மாதம் காத்திருக்க வேண்டாம், அந்த வாரமே ஆளை அழையுங்கள். முழுவதையும் சுரண்டிவிட்டால் வருகிறவருக்கு அது எங்கிருந்து ஏறியது என்று தெரியாமல் போகும்.

---

நிலைக்கதவு · ஐந்து வாரம் கழித்து, சனி இரவு 8.00

எல்லாருக்கும் வணக்கம். எண்ணி முடித்துவிட்டேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதல் வாரமே வெருலம் வாசி சொன்னபடி அறிக்கைக்கு மட்டும் கட்டணம் கொடுத்து ஒரு பெண்மணியை அழைத்தேன். பதிவு அட்டையைக் கேட்கும் முன்பே காட்டினார். ஒன்றரை மணி நேரம் கூரைக்குள் இருந்தார். என் அண்ணனும் கூட ஏறினார். விட்டங்களில் பதினாறு வட்டத் துளைகள், எல்லாம் மங்கியவை, பலவற்றில் சிலந்தி வலை. தட்டியதில் எல்லாம் கணீரென்றன. ஒரே இடத்தில், குளியலறைக்கு மேலே, மழை ஒழுகிய சட்டத்தின் முனையில் திருப்புளி ஒரு விரற்கடை உள்ளே போனது. அது பூச்சியல்ல, ஈரத்தில் அழுகியது. தகட்டின் விரிசலுக்கு அடியில் இருந்தது. பக்கத்து வீட்டு அண்ணனும் தன் பக்கத்தைப் பார்க்க விட்டார். அங்கே ஒன்றுமில்லை.

காகிதங்கள் நான்கு: அலமாரி, பின்கட்டு நிலைக்கால், அம்மாவின் கட்டில், முன்னறை அலமாரி. கட்டிலிலும் முன்னறையிலும் ஐந்து வாரமும் ஒன்றுமே விழவில்லை. நிலைக்காலில் முதல் வாரம் நாலைந்து மணி, பிறகு ஒன்றுமில்லை. சாமி அலமாரியில் ஒவ்வொரு வாரமும் விழுந்தது. மூன்றாம் வாரம் நிறமே மாறியது. முதலில் கருமையாக இருந்த மணிகள் பிறகு வெளிர் பழுப்பாக வந்தன. அந்தப் பெண்மணி கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, பழைய அறையைக் காலிசெய்துகொண்டிருந்தவை புது மரத்துக்குள் போயிருக்கின்றன, இப்போது தின்பது பின்பலகையின் கீழ்ச்சட்டம் என்றார். கத்தி முனையால் அந்தச் சட்டத்தின் மேல்பூச்சை நெல்லளவு கிளப்பினார். உள்ளே பாலாடை நிறத்தில் ஒரு சிறு பூச்சி வெளிச்சம் பட்டதும் பின்வாங்கியது. அம்மாவும் குனிந்து பார்த்தார். இவ்வளவுக்காகவா கூரை விழும் என்றார்கள் என்று கேட்டார்.

அவருடைய அறிக்கை ஒரு பக்கம்தான். வீட்டுக்குப் புகையூட்டல் தேவையில்லை. அலமாரியை மட்டும் புகையூட்டும் அறைக்குக் கொண்டுபோய்த் திரும்ப எடுத்துவரலாம். நிலைக்காலுக்கு எதுவும் வேண்டாம், இன்னும் ஆறு மாதம் காகிதம் இருக்கட்டும். குளியலறைக்கு மேலே சட்டத்தின் முனையை வெட்டிப் பதப்படுத்திய மரம் சேர்க்க வேண்டும், ஒழுகலை அடைக்க வேண்டும். அதுதான் எல்லாவற்றிலும் அவசரம் என்று அடிக்கோடு போட்டிருக்கிறார். மொத்தச் செலவு அறிக்கைக் கட்டணத்தோடு ஏழாயிரத்துக்குள் முடிகிறது.

---

மரவாசனை · சனி இரவு 8.40

நல்ல அறிக்கை. அலமாரி போவதற்கு முன் படங்களையும் விளக்குகளையும் எடுத்துவிடுங்கள், பட்டுத்துணி எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. திரும்பி வந்ததும் விரிசல்களையும் பழைய துளைகளையும் மெழுகாலோ மரப்பசையாலோ அடைத்து, பின்பலகைக்கும் ஒரு கை மெருகெண்ணெய் பூசுங்கள். பூசாத மரத்தின் விரிசலில்தான் ஈசல் நுழையும். வெயில்காலம் தொடங்கியதும் மாலையில் விளக்கடியில் இறக்கைகள் உதிர்ந்து கிடக்கிறதா என்று பாருங்கள். ஒன்றிரண்டு கிடந்தால் பயப்பட வேண்டாம், தெருவிலிருந்து வந்திருக்கலாம். ஒரே சன்னலடியில் கைப்பிடி அளவு கிடந்தால் எனக்கு எழுதுங்கள்.

---

டொங்காட் கரும்பு · சனி இரவு 9.15

அந்த முதல் நிறுவனத்துக்கு என்ன சொன்னீர்கள்?

---

நிலைக்கதவு · சனி இரவு 9.30

அறிக்கையின் நகலை அனுப்பி, வேண்டாம் என்று எழுதினேன். பதில் வரவில்லை.

அலமாரி புதன்கிழமை போகிறது. அதுவரை அம்மா சாமி படங்களைச் சாப்பாட்டு மேசையில் வைத்து விளக்கேற்றுகிறார். கறுப்புக் காகிதத்தை எடுக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். புது மரம் சேர்க்க ஆசாரி திங்கள் காலை வருகிறார். மழைக்கு முன் ஒழுகலை அடைத்துவிட வேண்டும்.